மதிப்பு எவ்வளவு போடட்டும்?

என் அப்பா பத்திர எழுத்தர். சேர்வராயன் மலை அடிவாரத்தில், அயோத்தியாப்பட்டணம் சுற்று வட்டாரத்தில் இருபத்தைந்து வருஷம் நிலம் கைமாறிய கதையெல்லாம் அவர் பேனா வழியாகத்தான் போனது. பத்திர ஆபீசுக்கு எதிரே புளியமரத்தடியில் ஒரு மேசை, ஒரு பெஞ்சு, மைப்புட்டி. ஆள் வந்து உட்கார்ந்தால் பேர், தகப்பனார் பேர், சர்வே நம்பர், நான்கெல்லை எல்லாம் கேட்டு எழுதிவிட்டு, கடைசியாக நிமிர்ந்து பார்த்து ஒன்று கேட்பார்: "மதிப்பு எவ்வளவு போடட்டும்?"

"என்ன விலைக்குப் பேசினீங்க?" என்று கேட்டதே இல்லை. அது அவருக்குத் தேவையில்லாத விஷயம். பேசிய விலை வேறு, போடும் மதிப்பு வேறு என்பது வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் தெரியும், மேசைக்கு அந்தப் பக்கம் டீ கொண்டுவரும் பையனுக்கும் தெரியும். சென்ட் 1,200 ரூபாய்க்குக் கைமாறிய தோட்டம் பத்திரத்தில் 400 ரூபாய் என்று ஏறும். முத்திரைத்தாள் செலவு மிச்சம். மீதிப் பணம் மஞ்சள் பையில் கைமாறும்.

இதைத் தப்பு என்று அப்பா நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை. பெரியப்பாவின் வழக்கு வந்து அந்தப் பத்திரங்களில் ஒன்றைக் கோர்ட்டில் என் கண் முன்னே விரித்துக் காட்டும் வரைக்கும்.

பெரியப்பாவுக்குக் குப்பனூர் போகும் வழியில் ஒரு ஏக்கர் 62 சென்ட் தோட்டம். கிணறு, முப்பத்தெட்டுத் தென்னை, நாலு மாமரம், மீதியில் குச்சிக்கிழங்கு. 1992-இல் ஒரு அரசுத் திட்டத்துக்கு எடுப்பதாக 4(1) பிரிவின் கீழ் முதல் அறிவிப்பு வந்தது. எந்தத் துறை என்று சொல்லப்போவதில்லை, அந்த ஆபீசில் அன்று இருந்தவர்கள் யாரும் இன்று இல்லை. நில எடுப்புச் சட்டம் மட்டும் 1894-ஆம் வருஷத்தது. வெள்ளைக்காரன் போட்டது. அதை வைத்துத்தான் சுதந்திர இந்தியா 2013 வரைக்கும் நிலம் எடுத்தது.

5-ஏ விசாரணை என்று ஒன்று நடக்கும். அறிவிப்பு வந்த முப்பது நாளுக்குள் ஆட்சேபணை எழுதிக் கொடுத்தால் கூப்பிட்டுக் கேட்பார்கள். பெரியப்பா வேட்டி துவைத்துக் கட்டிக்கொண்டு போனார். "நெலத்தக் குடுக்க மனசில்லைங்க" என்றார். எழுதிக்கொண்டார்கள். பொதுநோக்கம் கருதி ஆட்சேபணை நிராகரிக்கப்படுகிறது என்று சில மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கும் அதே வாசகம், பேர் மட்டும் வேறு.

நிலத்தையே திருப்பித் தரச்சொல்லிக் கோர்ட்டுக்குப் போகலாமே என்று இளவட்டங்கள் கேட்டோம். வக்கீல் சிரித்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் புரிய எனக்குப் பல வருஷம் ஆனது. பொதுநோக்கத்துக்குத்தான் எடுக்கிறோம் என்று அரசு 6-ஆம் பிரிவில் உறுதிமொழி வெளியிட்டுவிட்டால், அதுவே முடிவான சான்று என்று சட்டமே சொல்லிவிட்டது. பொதுநோக்கம் என்ற பேரில் அதிகாரத்தைத் திரித்துப் பயன்படுத்தினார்கள் என்று நிரூபித்தாலொழிய நீதிமன்றம் அதற்குள் கை வைக்காது. சிங்கூரில் கார் தொழிற்சாலைக்கு எடுத்த 997 ஏக்கரை விவசாயிகளுக்கே திருப்பித் தரச்சொல்லி 2016-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடே பேசியது. அடிக்கடி நடக்கிற சமாச்சாரமாக இருந்தால் நாடு ஏன் பேசப்போகிறது?

மற்றபடி நில எடுப்பு வழக்கு என்றால் விலை வழக்குதான். எடுத்தது எடுத்ததுதான், எவ்வளவுக்கு என்பதுதான் கேள்வி.

தீர்வம், அதாவது நிலத்துக்கு இவ்வளவு என்று அதிகாரி விலை போடும் உத்தரவு, 1995 ஜனவரியில் வந்தது. 6-ஆம் பிரிவு உறுதிமொழியிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் தீர்வம் போடாவிட்டால் மொத்த நடவடிக்கையும் காலாவதி என்று 1984 திருத்தத்தில் சேர்த்திருந்தார்கள். எங்களுக்குக் கடைசி மாதத்தில் போட்டார்கள். சென்ட்டுக்கு 380 ரூபாய்.

பணம் வாங்கப்போன அன்று ஒரு சின்ன விஷயம் நடந்தது. ரசீதில் பெரியப்பா கையெழுத்துப் போடப்போகும்போது வக்கீல் குமாஸ்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பெரியவரே, மொதல்ல 'ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன்'னு எழுதுங்க, அப்பறம் கையெழுத்து." இந்த இரண்டு வார்த்தை எழுதாமல் பணம் வாங்கிவிட்டால் விலை போதாது என்று 18-ஆம் பிரிவில் கோர்ட்டுக்கு அனுப்பச்சொல்லிக் கேட்கும் உரிமை போய்விடும். எங்கள் வரிசையில் நின்ற ஏழு பேரில் மூன்று பேர் வெறுமனே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களைக் கையைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. மனு கொடுக்கவும் தவணை உண்டு. தீர்வம் சொல்லும்போது ஆள் எதிரே இருந்தால் ஆறு வாரம். கிழங்கு பிடுங்கும் சமயத்தில் ஆறு வாரம் எப்படிப் போகும் என்று விவசாயிகளைக் கேட்டால் தெரியும்.

அந்த மூன்று பேருக்கும் பின்னால் ஒரு வழி கிடைத்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். 28-ஏ என்று ஒரு பிரிவு. ஒரே அறிவிப்பில் எடுத்த நிலத்துக்கு ஒருவர் கோர்ட்டுக்குப் போய்க் கூடுதல் வாங்கினால், போகாதவர்களும் தீர்ப்பு வந்த மூன்று மாதத்துக்குள் மனுக் கொடுத்து அதே விலையைக் கேட்கலாம். ஏழைகளுக்காகவே போட்ட நல்ல பிரிவு. இரண்டு பேர் மனுக் கொடுத்தார்கள். மூன்றாமவர் அதற்குள் திருப்பூருக்குக் குடிபோய்விட்டார்.

வழக்கு சார்பு நீதிமன்றத்துக்கு வந்தது. எல்.ஏ.ஓ.பி., அதாவது நில எடுப்பு மனு என்று நம்பர் போட்டார்கள். சேலம் அஸ்தம்பட்டிக் கோர்ட்டுக்கு வாய்தாவுக்கு வாய்தா பெரியப்பாவோடு நான்தான் போவேன். கல்லூரி முடித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த காலம். வாய்தா தள்ளிப்போன நாட்களில் பெரியப்பா தட்டுவடை செட்டு வாங்கித் தருவார். அந்த வழக்கில் நான் தின்ற தட்டுவடைக்குக் கணக்கு வைத்திருந்தால் நஷ்டஈட்டில் கழித்திருக்கலாம்.

விலையை நீதிமன்றம் எப்படி முடிவு செய்கிறது என்பதை அங்கே உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன். 4(1) அறிவிப்பு நாளில் அந்த நிலத்தை விருப்பமுள்ள ஒருவர் விற்க, விருப்பமுள்ள ஒருவர் வாங்கினால் என்ன விலை போயிருக்கும்? அதுதான் சந்தை மதிப்பு. அந்த இரண்டு பேரும் கற்பனை ஆட்கள். அவர்கள் பேசியிருக்கக்கூடிய விலையைக் கண்டுபிடிக்க, அக்கம்பக்கத்தில் நிஜ ஆட்கள் பதிவு செய்த பத்திரங்களை எடுத்துப் பார்ப்பார்கள். தாசில்தார் ஆபீசில் சுற்று வட்டார விற்பனைகளைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லித் தள்ளிவிட்டு, கடைசியில் ஒன்றை எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பேர் டேட்டா லேண்ட். எங்கள் தீர்வத்துக்கு டேட்டா லேண்டாக எடுத்தது அறுபது சென்ட் மேட்டுக்காடு ஒன்றின் விற்பனை. 1991 கிரையம்.

பெரியப்பாவைக் கூண்டில் ஏற்றிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. முதல் விசாரணையில் எங்கள் வக்கீல் கேட்க, தென்னை எத்தனை, கிணற்று ஆழம் எவ்வளவு, ரோட்டிலிருந்து தூரம் எவ்வளவு, சென்ட் 1,500 போகும் என்றெல்லாம் தைரியமாகச் சொன்னார். பிறகு அரசு வக்கீல் எழுந்தார். தன்மையான மனிதர், கடைசிவரை குரல் உயரவேயில்லை. ஒரு பத்திர நகலை நீட்டினார்.

"இந்தக் கையெழுத்து யாரோடதுன்னு தெரியுதுங்களா?"

பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். நான் பின்பெஞ்சில் இருந்தேன். தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. 'ழ'வின் வாலை அடுத்த வரி வரைக்கும் இழுக்கிற எழுத்து. நான் அரிச்சுவடி கற்றுக்கொண்ட எழுத்து.

"எந் தம்பிதுங்க."

"உங்க தம்பி லைசென்ஸ் வாங்கின பத்திர எழுத்தர்தானே?"

"ஆமாங்க."

"சென்ட் 400 ரூபாய்னு எழுதியிருக்கார். பொய்யா எழுதியிருக்காருன்னு சொல்றீங்களா?"

பெரியப்பா நீதிபதியைப் பார்த்தார், எங்கள் வக்கீலைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "ஊர்ல எல்லாரும் எழுதற மாதிரி எழுதுனானுங்க" என்றார் மெதுவாக.

டைப்பிஸ்ட் அடித்தது வேறு. சாட்சியம் எழுதுகிற தமிழ் தனித் தமிழ், கோர்ட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும். "மேற்படி கிரையப் பத்திரத்தை எழுதியது எனது தம்பி என்றால் சரிதான். அதில் கண்ட கிரைய மதிப்பு சரியானது அல்ல என்று என் தம்பி எங்கும் புகார் செய்யவில்லை என்றால் சரிதான்."

அன்றைக்குத் தட்டுவடை இல்லை. பஸ்ஸில் அயோத்தியாப்பட்டணம் வரும்வரை பெரியப்பா பேசவில்லை. இறங்கும்போது, "உங்கப்பங்கிட்ட இதச் சொல்ல வேண்டாம்" என்றார். நான் சொல்லவில்லை. ஆனால் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. பத்திர ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் நடுவில் குமாஸ்தாக்கள் நடமாட்டம் அதிகம்.

சட்டத்தில் இதற்கு ஒரு பின்னணி இருக்கிறது. முன்பெல்லாம் ஒரு பத்திரத்தைக் காட்டி விலையை நிரூபிக்க வேண்டுமானால், விற்றவரையோ வாங்கியவரையோ கூண்டில் ஏற்றியாக வேண்டும். அவர் வந்தால், நிஜமாகக் கொடுத்தது எவ்வளவு என்று குறுக்கே கேட்கவாவது இடமிருந்தது. 1984-இல் 51-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பதிவு செய்த பத்திரத்தின் சான்றிட்ட நகலைச் சான்றாக ஏற்கலாம் என்றது. ஆளைக் கூப்பிடாமலேயே நகலில் உள்ள விலையை நம்பலாமா என்ற சந்தேகம் இருபது வருஷம் ஓடி, 2004-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு நம்பலாம் என்று முடித்துவைத்தது. கிராமத்துக்காரன் சாட்சிக்கு அலைய வேண்டியதில்லை என்பது பெரிய சௌகரியம். ஆனால் வாய் பேசாத காகிதத்தைக் குறுக்கு விசாரணை செய்வது எப்படி?

எங்களைக் காப்பாற்றியது இன்னொரு பத்திரம். மூன்று சென்ட் வீட்டுமனை, ஒரு வாத்தியார் வாங்கியது. சென்ட் 1,350 ரூபாய் என்று அவர் உண்மை விலையையே போட்டிருந்தார். நேர்மைக்காகப் போட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டுக் கடன் வாங்கினார், பத்திரத்தில் தொகை கூடுதலாக இருந்தால்தான் கடன் கூடுதலாகக் கிடைக்கும். அதையும் எழுதியது அப்பாதான். "வெவரம் தெரியாத மனுசன், தண்டமா டூட்டி கட்டறாரு" என்று அன்று வீட்டில் சொன்னதாக அம்மா ஞாபகம் வைத்திருக்கிறார்.

பட்டியலில் பல விலை இருந்தால் உயர்ந்த விலைப் பத்திரத்தை, அது நேர்மையான விற்பனையாக இருக்கும்பட்சத்தில், எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது நீதிமன்றங்கள் நெடுநாளாகப் பின்பற்றும் வழி. ஆனால் மூன்று சென்ட் மனையின் விலையை ஒன்றரை ஏக்கர் தோட்டத்துக்கு அப்படியே பொருத்த மாட்டார்கள். தோட்டத்தை மனையாக்கினால் ரோட்டுக்கும் சாக்கடைக்கும் இடம் போகும், செலவும் ஆகும் என்று ஒரு பங்கைக் கழிப்பார்கள். எங்களுக்கு மூன்றில் ஒன்று கழித்தார்கள். 1,350-இல் 450 போக 900. அதுதான் தீர்ப்பு. 2003-ஆம் வருஷம்.

380 எங்கே, 900 எங்கே என்று ஊரே சந்தோஷப்பட்டது. அதன் மேல் முப்பது சதவீதம் ஆறுதல் தொகை. கட்டாயமாகப் பிடுங்கியதற்கு ஆறுதல். சட்டத்தில் இதைவிட மனிதத்தன்மையுள்ள வார்த்தையை நான் பார்த்ததில்லை, தொகை எதுவாக இருந்தாலும். பிறகு அறிவிப்பு நாளிலிருந்து கணக்கிட்டு வருஷத்துக்குப் பன்னிரண்டு சதவீதக் கூடுதல், சுவாதீனம் எடுத்த நாளிலிருந்து முதல் வருஷம் ஒன்பது, அதன் பிறகு பதினைந்து சதவீதம் வட்டி. காகிதத்தில் பார்க்க அழகான கணக்கு. பணம் வரவில்லை. நிறைவேற்று மனுப் போட்டு, ஜப்தி உத்தரவு வாங்கி, கோர்ட் அமீனாவை அழைத்துக்கொண்டு போனபோது அந்த ஆபீசில் நாற்காலிகளையும் ஒரு ஜீப்பையும் தவிர ஒன்றும் தேறவில்லை. "இந்த ஜீப்ப வச்சு என்னங்க பண்றது, ஸ்டார்ட்டே ஆகாது" என்றார் அமீனா. அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வருவதற்குள் ஒரு மாதத் தவணை எழுதிக் கொடுத்தார்கள். பணம் 2008-இல் வந்தது. அதற்குள் வட்டி அசலைத் தாண்டியிருந்தது. அந்தப் பக்கம் நிலத்தின் விலை எங்கேயோ போயிருந்தது.

இதில் இன்னொரு கூத்து. எடுத்த நிலத்தில் பாதி சும்மா கிடந்தது. சீமைக் கருவேலம் முளைத்து ஆடு மேய்ந்தது. தேவையில்லாத நிலத்தை, வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டினால் பழைய உடைமையாளருக்கே அரசு கொடுக்கலாம் என்று தமிழ்நாடு மட்டும் 48-பி என்று தனிப் பிரிவு வைத்திருந்தது. 'கொடுக்கலாம்'தான், 'கொடுக்க வேண்டும்' இல்லை. இந்தப் பிரிவைக் கறாராகத்தான் வாசிக்க வேண்டும் என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெரியப்பா மனுக் கொடுக்கவில்லை. "வந்த பணத்துல பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணியாச்சு. பொண்ணத் திருப்பிக் கூட்டியாந்தா பணத்தத் திருப்பித் தருவாங்களாமா?" என்றார்.

சேலத்துக்காரர்களுக்கு நிலம் போவது புதிதில்லை. 1934-இல் முடிந்த மேட்டூர் அணைக்குள் போன ஊர்களின் நந்தியும் மாதா கோயில் கோபுரமும் தண்ணீர் வற்றும்போது பண்ணவாடியில் தலைகாட்டுகின்றன. கஞ்சமலை அடிவாரத்தில் உருக்காலைக்காக ஆயிரக்கணக்கான ஏக்கர் போனது. ஓமலூர்ப் பக்கம் விமான நிலைய விரிவாக்கம் என்றால் இன்றும் காமலாபுரம், பொட்டியபுரத்துக்காரர்கள் முகம் மாறும்.

2018-இல் எட்டுவழிச்சாலை வந்தது. சேலத்திலிருந்து சென்னைக்கு 277 கிலோமீட்டர், மஞ்சவாடிக் கணவாய் வழியாக. எங்கள் பக்கமே கல் நட்டார்கள். பெரியப்பா அப்போது படுத்த படுக்கை. "இந்த வாட்டி யாரு தோட்டம்?" என்று மட்டும் கேட்டார்.

இது தேசிய நெடுஞ்சாலைச் சட்டம், 1956. அதன் கீழ் முதலில் விலை சொல்பவர் வருவாய்த்துறை அதிகாரி. போதாது என்றால் நடுவரிடம் போக வேண்டும். நடுவரை நியமிப்பது மத்திய அரசு, தமிழ்நாட்டில் பொதுவாக மாவட்ட ஆட்சியரே நடுவர். அவர் சொன்ன விலையும் போதாது என்று மாவட்ட நீதிமன்றம் போனால், தீர்ப்பை ரத்து செய்யலாமே தவிர விலையைத் திருத்த முடியாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவும் தமிழ்நாட்டு வழக்குதான். 2025-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, குறிப்பிட்ட சில நிலைமைகளில் திருத்தலாம் என்று கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டிருக்கிறது. பெரியப்பாவின் வழக்கில் ஒரு நீதிபதி பத்திரங்களைக் கையில் வைத்துக்கொண்டு 380-ஐ 900 ஆக்கினாரே, அந்த இடம் நெடுஞ்சாலை நிலத்துக்கு இவ்வளவு குறுகலாகப் போனதில் எனக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு.

2019 ஏப்ரல் 8-இல் சென்னை உயர் நீதிமன்றம் எட்டுவழிச்சாலை நில எடுப்பு அறிவிப்புகளை ரத்து செய்தபோது எங்கள் பக்கத்து ஊர்களில் வெடி வெடித்தார்கள், தோட்டத்தில் பொங்கல் வைத்தவர்களும் உண்டு. 2020 டிசம்பர் 8-இல் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தைப் பெரும்பாலும் மாற்றிவிட்டது. நிலம் எடுக்கும் எண்ணத்தை அறிவிக்கும் கட்டத்தில் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்றது. ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு நீதிமன்றமும் ஒன்றாக நின்றன. நிலம் அரசுக்குச் சேரும் முன்பே வருவாய்ப் பதிவேடுகளில் உடைமையாளர் பேரை மாற்றியது செல்லாது, பழையபடி எழுது என்றன. தன் நிலத்தின் சிட்டாவில் தன் பேர் இல்லாததைக் கம்ப்யூட்டர் சென்டரில் பார்த்துவிட்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்கு அந்தத் தீர்ப்பில் அந்த ஒரு பத்திதான் தீர்ப்பு.

இப்போது 2013 சட்டம் இருக்கிறது. ஆறுதல் தொகை நூறு சதவீதம், கிராமத்து நிலத்துக்கு மதிப்பைப் பெருக்கும் காரணி, எல்லாம் நல்லதுதான். நெடுஞ்சாலை நிலத்துக்கும் அந்த இழப்பீட்டுக் கணக்கு 2015-இல் வந்துவிட்டது. ஆனால் கணக்கு தொடங்கும் இடம் எது என்று 26-ஆம் பிரிவைப் பாருங்கள். அரசின் வழிகாட்டி மதிப்பு என்கிற கைடுலைன், அல்லது மூன்று வருஷப் பத்திரங்களில் உயர்ந்த பாதியின் சராசரி, இவற்றில் எது அதிகமோ அது. பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம் என்கிற மாதிரி, போட்ட மதிப்பு குறைவாக இருந்தால் பெருக்கும் காரணியும் நூறு சதவீதமும் அந்தக் குறைவின் மேல்தான் ஏறும். 2017 ஜூனில் தமிழ்நாடு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தபோது பத்திர ஆபீசில் கூட்டம் அலைமோதியது. அடுத்த வருஷம் எட்டுவழிச்சாலைக் கல் வந்தது. குறைத்ததைக் கொண்டாடியவர்களும் கல்லைப் பார்த்து அழுதவர்களும் வேறு வேறு ஆட்கள் இல்லை.

அப்பா இந்த வழக்கைப் பற்றி ஒரே ஒரு முறை பேசினார், பெரியப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த ராத்திரி. "அண்ணன் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல பாரு" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

போன மாசம் வீராணம் பக்கம் எங்களிடமிருந்த மனை ஒன்றை விற்றேன். இப்போது மையும் இல்லை, 'ழ'வின் வாலும் இல்லை. பையன் ஒருவன் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தான். நான்கெல்லை வரைக்கும் தட்டிவிட்டுத் திரும்பி, "சார், மதிப்பு கைடுலைன்லயே போட்டுறட்டுங்களா?" என்றான்.

"பேசின விலையவே போடுப்பா" என்றேன்.

வாங்குகிறவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களுக்கென்னங்க, டூட்டி நாந்தான கட்டறேன்" என்றார். பையன் விரலைத் தூக்கியபடி காத்திருந்தான். மணி மூன்றரை. டோக்கன் நேரம் தாண்டினால் இன்னொரு நாள் வர வேண்டும், என் மனைவி வேறு லீவு போட்டு வந்திருந்தாள்.

கைடுலைனிலேயே போட்டான். விரல் ரேகை மெஷினில் என் கட்டைவிரல் மூன்று தடவை விழவில்லை, துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார்கள்.